துளை சிறிது, காயம் சிறிதா? மூளைக் கட்டிக்கான லேசர் சிகிச்சையும் வலிப்பும்

மண்டையோட்டில் சில மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அதன் வழியே கட்டியின் நடுப்பகுதி வரை ஓர் ஒளியிழையைச் செலுத்தி, எம்.ஆர்.ஐ. திரையைப் பார்த்தபடியே கட்டியைச் சூடேற்றி அழித்துவிட்டு, தோலில் ஓரிரு தையல்களோடு நோயாளியை ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். லேசர் வெப்ப சிகிச்சை என்றும், நரம்பு அறுவை சிகிச்சை வட்டாரத்தில் ‘லிட்’ என்றும் சொல்லப்படும் முறை இது. துளை சிறியதாக இருப்பதால் மூளைக்கு நேரும் காயமும் சிறியதுதான், எனவே வலிப்பு வரும் வாய்ப்பும் குறைவுதான் என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், லேசர் அணைக்கப்பட்ட பிறகு மண்டைக்குள் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

திசுவுக்குள் ஒளியிழையைச் செருகிக் கட்டியைச் சூட்டால் அழிக்கலாம் என்ற கருத்து புதியதல்ல. பிரிட்டனில் ஸ்டீபன் பவுன் 1983-இலேயே அதை எழுதினார்; 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் மூளைக் கட்டிகளில் அதைச் செய்தும் காட்டினார்கள். ஆயினும் உள்ளே சூடு எதுவரை பரவுகிறது என்பதைக் காண வழியில்லாத நிலையில், மூளையைப் போன்ற உறுப்பில் இதைத் துணிந்து செய்யப் பெரும்பாலோர் விரும்பவில்லை. நீரிலுள்ள புரோட்டான்களின் அதிர்வெண் வெப்பநிலைக்கேற்பச் சற்று மாறுகிறது என்ற பண்பைப் பயன்படுத்தி, எம்.ஆர்.ஐ. கருவியையே வெப்பமானியாக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2007-இல் விசுவலேஸ் என்ற கருவிக்கும், 2009-இல் நியூரோபிளேட் என்ற கருவிக்கும் வழிவிட்டது. பாரிஸில் அலெக்ஸாண்டர் கார்பென்டியே குழுவினர், உடலின் வேறிடத்திலிருந்து மூளைக்குப் பரவிய புற்றுக்கட்டிகளை இவ்வாறு அழித்த அனுபவத்தை 2008-இல் வெளியிட்டார்கள்.

சிகிச்சை நடக்கும்போது மருத்துவரின் கண் இருக்கும் இடம் அந்தத் திரைதான். நியூரோபிளேட் திரையில் கட்டியைச் சுற்றி மூன்று கோடுகள் மெல்ல விரியும். 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 நிமிடம் இருந்ததற்குச் சமமான பாதிப்பைப் பெற்ற பகுதியின் எல்லை மஞ்சள் கோடு. 10 நிமிடத்துக்குச் சமமானது நீலக் கோடு. 60 நிமிடத்துக்குச் சமமானது வெள்ளைக் கோடு. நீலக் கோட்டுக்கு உட்பட்ட திசு பிழைக்காது என்று கணக்கிடப்படுகிறது. மஞ்சளுக்கு வெளியே நிலையான சேதம் இராது. ஒளியிழைக்கு அருகில், வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும் இடத்தில், முட்டையின் வெள்ளைக்கரு வேகும்போது நடப்பதைப் போலப் புரதங்கள் உடனே உறைந்துவிடுகின்றன. இழையின் முனை கருகிவிடாதபடி விசுவலேஸில் உப்புநீரும், நியூரோபிளேட்டில் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் ஓடிக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும்.

இந்தக் கோடுகள் கணிப்புகள் என்பதை மறந்துவிடக் கூடாது. படம் புதுப்பிக்கப்படச் சில நொடிகள் பிடிக்கின்றன. ரத்தக் கசிவோ அசைவோ இருந்தால் அளவீடு பிசகலாம். வெப்ப அளவீட்டில் ஏற்படும் இத்தகைய பிழையால் திசு அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் மருத்துவர்களை எச்சரித்தது. வலிப்பைப் பற்றிப் பேசுபவருக்கு இதைவிட முக்கியமானது மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையிலான அந்தக் குறுகிய வளையம். அங்குள்ள நரம்புச் செல்கள் சாகவும் இல்லை, நலமாகவும் இல்லை. செத்த திசுவிலிருந்து வலிப்பு கிளம்பாது. உயிரோடு இருந்து நிலைகுலைந்த திசுவிலிருந்துதான் கிளம்பும்.

திறந்த அறுவை சிகிச்சையோடு ஒப்பிடும்போது இருக்கும் பெரிய வேறுபாடும் இங்கேதான் வெளிப்படுகிறது. மண்டையோட்டைத் திறந்து கட்டியை எடுத்தால், கட்டி இருந்த இடம் வெற்றிடமாகிறது. அழுத்தம் அன்றைக்கே குறைகிறது. லேசர் சிகிச்சையில் எதுவும் வெளியே எடுக்கப்படுவதில்லை. வெந்த கட்டி அங்கேயே கிடக்கிறது; அதை உடல் தானாகக் கரைத்து அகற்ற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சும்மாவும் இருப்பதில்லை. சிகிச்சைக்குப் பிந்தைய முதல் நாட்களிலும் வாரங்களிலும் எடுக்கப்படும் எம்.ஆர்.ஐ. படத்தில், அழிக்கப்பட்ட பகுதி பழைய கட்டியைவிடப் பெரிதாகவே தெரியும். சுற்றிலும் நீர்வீக்கம் சூழ்ந்திருக்கும். படத்தைப் பார்த்த குடும்பத்தினர் கட்டி வளர்ந்துவிட்டது என்று பதறுவதுண்டு. பிறகு அது சுருங்கத் தொடங்கும். சுமார் 3 செ.மீ. விட்டத்துக்கு மேற்பட்ட கட்டிகளில் இந்த முறையைத் தனியாகப் பயன்படுத்த மருத்துவர்கள் தயங்குவதற்கு, பின்னால் வரும் இந்த வீக்கமே முதன்மையான காரணம். சில குழுவினர் பெரிய கட்டியை லேசரால் அழித்த கையோடு, ஒரு சிறிய திறப்பின் வழியாக வெந்த திசுவை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள்.

வீக்கத்தோடு இன்னொன்றும் நடக்கிறது. ரத்தத்தில் உள்ளவை மூளைத் திசுவுக்குள் கண்டபடி நுழையாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு, வெப்பம் பட்ட விளிம்பில் திறந்துகொள்கிறது. செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் திறப்பு முதல் ஓரிரு வாரங்களில் உச்சத்தை எட்டி, நான்கு முதல் ஆறு வாரங்களில் அடங்குவது தெரிந்தது. வழக்கமாக மூளைக்குள் புகாத கீமோ மருந்துகளை இந்த இடைவெளியில் உள்ளே அனுப்பலாமே என்று புற்றுநோய் மருத்துவர்கள் இதை ஒரு வாய்ப்பாகப் பார்த்தார்கள். வலிப்பு மருத்துவரின் பார்வை வேறு. தடுப்பு திறந்திருக்கும்போது ரத்தத்திலுள்ள ஆல்புமின் மூளைத் திசுவுக்குள் கசிகிறது. அது ஆஸ்ட்ரோசைட் எனப்படும் துணைச் செல்களைத் தூண்டி, பொட்டாசியத்தையும் குளுட்டமேட்டையும் உறிஞ்சி அப்புறப்படுத்தும் அவற்றின் வேலையைக் கெடுத்துவிடுகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நரம்புச் செல்களைச் சுற்றி இவ்விரண்டும் தேங்கினால் அவை தேவையில்லாமல் தீப்பற்றியதுபோல் செயல்படத் தொடங்கும். ஆக, மருந்து புகுவதற்கு வசதியான அதே சில வாரங்கள், வலிப்பைப் பொறுத்தவரை கவனமாகக் கடக்க வேண்டிய வாரங்களும் ஆகின்றன.

லேசர் படுவதற்கு முன்பே கட்டியைச் சுற்றியுள்ள மூளை அமைதியாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூளையின் துணைச் செல்களிலிருந்து உருவாகும் கிளையோமா வகைக் கட்டியின் செல்கள் சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் குளுட்டமேட்டை வெளியே தள்ளுகின்றன. குளுட்டமேட்டோ நரம்புச் செல்களைத் தூண்டும் வேதிப்பொருள். ஐ.டி.ஹெச். மரபணு மாற்றம் உள்ள கிளையோமாக்கள் உற்பத்தி செய்யும் டி-2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருள், வடிவத்தில் குளுட்டமேட்டை ஒத்திருப்பதால் அதன் வேலையைச் செய்துவிடுகிறது. கட்டியை ஒட்டிய நரம்புச் செல்களில் குளோரைடு அளவு தாறுமாறாவதால், வழக்கமாக அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளே சில செல்களைத் தூண்டிவிடவும் செய்கிறது. எப்போதோ கசிந்த ரத்தத்தின் இரும்புப் படிவும் எரிச்சலூட்டுகிறது. இவை அனைத்தும் கட்டியின் விளிம்பிலும் அதற்கு வெளியிலும் நடப்பவை.

ஆகவேதான் வலிப்பு வரும் வாய்ப்பை முதலில் தீர்மானிப்பது, எந்தக் கட்டி, எங்கே இருக்கிறது, முன்பே வலிப்பு வந்திருக்கிறதா என்பவை. மெதுவாக வளரும் கிளையோமா உள்ளவர்களில் 60 முதல் 90 விழுக்காட்டினருக்கு நோயின் ஏதோவொரு கட்டத்தில் வலிப்பு வருகிறது. வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமா என்ற கிளையோமா வகையில் அது ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை. பரவிய புற்றுக்கட்டிகளில் இன்னும் குறைவு. வேகமாக வளரும் கட்டி அருகிலுள்ள வலைப்பின்னலை அழித்துவிடுகிறது, மெதுவாக வளர்வதோ அதைக் கெடுத்து உயிரோடு விட்டுவைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். இடத்தைப் பொறுத்தவரை, மூளையின் வெளியடுக்கான புறணி, குறிப்பாகக் காதுப்பக்கம் உள்ள பொட்டு மடல், அதை ஒட்டி உட்புறம் மடிந்திருக்கும் இன்சுலா, கை கால்களை இயக்கும் பட்டை ஆகியவை எளிதில் வலிப்பெடுக்கக் கூடியவை. தலாமஸ் போன்ற ஆழமான பகுதிகளுக்கு அந்த இயல்பு குறைவு. திறந்த அறுவை சிகிச்சையால் எட்ட முடியாத ஆழமான கட்டிகளுக்கே லேசர் அதிகம் தேர்வு செய்யப்படுகிறது என்பதால், இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வலிப்பு வாய்ப்பு தொடக்கத்திலேயே குறைவாக இருப்பது லேசரின் சாதனையாகிவிடாது.

இதையே திருப்பியும் சொல்லலாம். ஏற்கெனவே அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோ எல்லாம் முடிந்து மீண்டும் வளர்ந்த கட்டிக்கும், கதிர்வீச்சால் மூளைத் திசு அழுகி உண்டாகும் கதிர்வீச்சு நெக்ரோசிஸுக்கும் லேசர் பரவலாகப் பயன்படுகிறது. இவர்களின் மூளையில் பழைய தழும்பு இருக்கும். பலர் முன்பே வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இவர்களில் ஒருவருக்குச் சிகிச்சைக்குப் பின் வலிப்பு வந்தால், அதை லேசரின் கணக்கில் எழுதுவதா, பழைய நோயின் கணக்கில் எழுதுவதா? வெளியாகியுள்ள ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையின் பழைய கோப்புகளைப் புரட்டித் தொகுக்கப்பட்டவை. முதல் ஏழு நாட்களில் வந்ததை மட்டும் சில கணக்கிடுகின்றன. மாதங்கள் கழித்து வந்ததையும் சில சேர்த்துக்கொள்கின்றன. எல்லோருக்கும் வலிப்பு மாத்திரை கொடுத்த மருத்துவமனையும் யாருக்கும் கொடுக்காத மருத்துவமனையும் ஒரே அட்டவணையில் அருகருகே நிற்கின்றன. லேசருக்குப் பின் இத்தனை விழுக்காடு, திறந்த அறுவைக்குப் பின் இத்தனை விழுக்காடு என்று இரண்டு எண்களை எதிரெதிரே வைத்துக் காட்டும் எந்த விளம்பரத்தையும் நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். முன்பு வலிப்பே வராதவர்களையும் வந்தவர்களையும் பிரித்துக் காட்டாத எண்ணால் ஒரு தனி நோயாளிக்குப் பயனில்லை.

இங்கே ஒரு முரண் போலத் தோன்றுவதையும் தீர்த்துவிட வேண்டும். மாத்திரைக்கு அடங்காத வலிப்பு நோய்க்கு இதே லேசர் ஒரு சிகிச்சையாகவே பயன்படுகிறது. பொட்டு மடலின் உட்புறத்திலுள்ள அமிக்டலாவையும் ஹிப்போகேம்பஸையும் லேசரால் அழித்த 234 நோயாளிகளின் முடிவுகளைப் பதினொரு அமெரிக்க மையங்கள் சேர்ந்து 2019-இல் வெளியிட்டன. சிகிச்சைக்குப் பின் ஓராண்டிலும் ஈராண்டிலும் சுமார் 58 விழுக்காட்டினர், இயல்பு வாழ்க்கையைக் கெடுக்கும் வலிப்பிலிருந்து விடுபட்டிருந்தார்கள். வலிப்பை நிறுத்தும் கருவியே வலிப்பைத் தூண்டுவது எப்படி? இலக்கு வேறு என்பதே விடை. வலிப்பு நோயாளியில், மூளையின் மின் அலைகளைக் காட்டும் பல நாள் வீடியோ இ.இ.ஜி. பதிவும் படங்களும் சேர்ந்து வலிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு, அந்த இடமே அழிக்கப்படுகிறது. கட்டி நோயாளியில், படத்தில் பளிச்சென்று தெரியும் கட்டியின் மையம் அழிக்கப்படுகிறது. வலிப்பு கிளம்பும் விளிம்போ, பேச்சையும் கை கால் அசைவையும் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகப் பல நேரங்களில் வேண்டுமென்றே விட்டுவைக்கப்படுகிறது. அது சரியான முடிவுதான். ஆனால் கட்டி அழிந்ததால் வலிப்பும் நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்பு இங்கே எப்போதும் பலிக்காது. சிலருக்குக் கட்டியின் தொல்லை அடங்கியதும் வலிப்பு குறைவது உண்மை. முதல் சில வாரங்களை வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது.

அப்படியானால் எல்லோருக்கும் முன்கூட்டியே வலிப்பு மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன? எளிதாகத் தோன்றும் இந்தத் தீர்வை மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கவில்லை. வலிப்பே வராத மூளைக் கட்டி நோயாளிக்கு வழக்கமாக வலிப்பைத் தடுக்கும் மருந்து கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2000-இலேயே சொன்னது. அறுவைக்காகத் தொடங்கியிருந்தாலும் முதல் வாரத்துக்குப் பின் படிப்படியாக நிறுத்துவது பொருத்தம் என்றது. அமெரிக்க, ஐரோப்பிய நரம்புப் புற்றுநோய்ச் சங்கங்கள் 2021-இல் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் முதல் கருத்தை உறுதிசெய்தது. அறுவை சமயத்தில் மட்டும் கொடுப்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதில் கண் திறப்பது. முன்பு வலிப்பு வராத 123 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, கட்டி அறுவைக்குப் பின் ஒரு பிரிவினருக்கு ஏழு நாட்கள் பெனிட்டாயின் கொடுத்தார்கள். நம்மூர் மருந்துக்கடைகளில் எப்டாயின் என்று கேட்டு வாங்கப்படும் அதே மருந்து. மருந்து எடுத்தவர்களில் 24 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் வலிப்பு வந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதல்ல. என்றாலும் மருந்தால் பயன் தெரியவில்லை, பக்கவிளைவுகள் தெரிந்தன. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அந்த ஆய்வு திறந்த அறுவை சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியது. லேசர் நோயாளிகளுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. வீக்கமும் ரத்த-மூளைத் தடுப்பின் திறப்பும் வாரக்கணக்கில் நீடிக்கும் சிகிச்சைக்கு ஏழு நாள் என்ற எல்லை பொருந்துமா என்பதே கேள்வி. அதனால் நடைமுறையில் ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் செல்கிறது. முன்பு வலிப்பு வந்தவருக்கு மாத்திரை தொடர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வராதவருக்கு, கட்டி புறணியை ஒட்டியோ இயக்கப் பட்டைக்கு அருகிலோ இருந்தால், சில வாரங்களுக்குக் கொடுத்து நிறுத்துவது பல மருத்துவர்களின் வழக்கம். பெனிட்டாயினுக்குப் பதில் இப்போது லெவெடிரசெட்டம் என்ற வலிப்பு மருந்து அதிகம் எழுதப்படுவதற்குத் தெளிவான காரணம் உண்டு. பெனிட்டாயின் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு, வீக்கத்துக்காகக் கொடுக்கப்படும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் அளவையும் சில கீமோ மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் குறைத்துவிடுகிறது. லெவெடிரசெட்டத்துக்கு அந்தக் குறை இல்லை. பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடுகிறது. ஆனால் சிலரை அது எரிச்சலும் கோபமும் கொண்டவர்களாக மாற்றிவிடும். ஏற்கெனவே ஸ்டீராய்டால் தூக்கம் கெட்டிருக்கும் ஒருவர் திடீரென்று வீட்டில் சீறத் தொடங்கினால், அதை அவருடைய குணமாகக் கருதாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

உண்மையில், தவிர்க்கக்கூடிய வலிப்புகளில் பல மிகச் சாதாரணமான காரணங்களால் வருகின்றன. மயக்க மருந்துக்காகப் பட்டினி இருக்கச் சொன்னார்கள் என்று காலை மாத்திரையைத் தவிர்த்துவிடுவது அவற்றில் முதன்மையானது. வேறு அறிவுறுத்தல் இல்லாத வரை, வலிப்பு மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு போட்டுக்கொள்ளவே பெரும்பாலும் சொல்வார்கள்; முன்னதாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. டெக்ஸாமெத்தசோனைக் குறைக்கும் அட்டவணையைத் தாமாகவே சுருக்கிக்கொண்டு விரைவில் நிறுத்துவது இன்னொன்று. அடங்கியிருந்த வீக்கம் மீண்டும் எழும். ரத்தத்தில் சோடியம் குறைதல், காய்ச்சல், தூக்கமின்மை ஆகியவையும் இதே பட்டியலில் சேரும்.

மறுநாளே வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சை என்பதால், வலிப்பு வந்தால் அதைப் பார்க்கப்போவது பெரும்பாலும் செவிலியர் அல்ல, வீட்டிலிருப்பவர். அது எப்போதும் விழுந்து, வாயில் நுரை தள்ளி, உடல் முழுதும் வெட்டி இழுப்பதாக இருக்காது. இயக்கப் பட்டைக்கு அருகில் கட்டி இருந்தவருக்கு, சிகிச்சை முடிந்த நான்காவது அல்லது ஐந்தாவது நாளில் கட்டை விரல் மட்டும் தாளம் தப்பாமல் துடிக்கத் தொடங்கலாம். துடிப்பு மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறி, வாயின் ஓரத்தைத் தொட்டு, ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடலாம். முழு நேரமும் அவர் விழிப்போடு இருப்பார். நின்ற பிறகு அந்தக் கை பல நிமிடங்களோ சில மணி நேரமோ தூக்க முடியாமல் சோர்ந்து கிடக்கும். டாட் பக்கவாதம் என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்தத் தற்காலிகச் சோர்வு தானாகத் தெளிந்துவிடும். ஆனால் லேசருக்குப் பின் ரத்தக்கசிவும் கடும் வீக்கமும் இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால், வீட்டிலேயே காத்திருந்து பார்ப்பது தவறு. உடனே மருத்துவமனைக்குச் சென்று ஸ்கேன் எடுத்துத்தான் பிரித்தறிய வேண்டும். பொட்டு மடலில் கட்டி இருந்தவரோ பேச்சின் நடுவே நின்று, சூனியத்தை வெறித்தபடி, உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டிருப்பார். உடல் முழுதும் இழுக்கும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அது தானாக நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாத அவசர நிலை. எந்த இழுப்பும் இல்லாமல் ஒருவர் மணிக்கணக்கில் குழம்பியே கிடந்தாலும், வெளியே தெரியாத வலிப்பு உள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம், அதை இ.இ.ஜி. மட்டுமே காட்டும்.

மாதங்கள் கழித்துப் புதிதாக வரும் வலிப்பை முதல் வார வலிப்போடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. முதல் வாரத்தில் வருவது பெரும்பாலும் சூட்டுக் காயத்தின், வீக்கத்தின் விளைவு. வீக்கம் வடிந்ததும் அதன் காரணமும் போய்விடுகிறது. அழிக்கப்பட்ட பகுதி சுருங்கி, எல்லாம் அமைதியாக இருந்த பின் வருவது, கட்டி விளிம்பில் மீண்டும் வளர்கிறது என்பதன் முதல் அறிகுறியாக இருக்கலாம்; ஆறிய தழும்பிலிருந்து கிளம்புவதாகவும் இருக்கலாம். சுருங்கும் காயமும் வளரும் கட்டியும் ஓர் ஒற்றை எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரே மாதிரி ஒளிர்வதால், மருத்துவர்கள் சிகிச்சை முடிந்த உடனே எடுத்த படத்தை அடிப்படையாக வைத்து, அடுத்தடுத்த படங்களை வரிசையாக ஒப்பிடுகிறார்கள். வேறு ஊரில் தொடர் சிகிச்சை பெறச் செல்பவர்கள் அறிக்கையை மட்டும் எடுத்துச் செல்லாமல், அந்த முதல் படம் அடங்கிய குறுந்தகட்டையும் கையோடு வாங்கிச் செல்ல வேண்டியது இதனால்தான். வலிப்பு மாத்திரையை எப்போது நிறுத்துவது, வண்டி ஓட்டத் தொடங்கலாமா என்ற கேள்விகளுக்கும் விடை அந்தப் பட வரிசையிலும், கடைசியாக வலிப்பு வந்த தேதியிலும்தான் இருக்கிறது.